கிலோமீட்டர், கடல் மைல் கணக்கு உதைக்கிறதா? விகிதத்தை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

ஒரே தூரம்தான். வரைபடத்தில் அளந்தால் ஒரு எண், ஜிபிஎஸ் கருவியில் இன்னொரு எண், எக்செல் தாளில் மூன்றாவது எண். இப்படி உதைக்கும்போது பலரும் கணக்கை முதலிலிருந்து திரும்பப் போடுகிறார்கள். அதில் பெரிய பலன் இல்லை. தப்பான சூத்திரத்தைப் பத்து தடவை போட்டாலும் அதே தப்பான விடைதான் வரும்.

அதற்குப் பதில் ஒரு வகுத்தல் போடுங்கள். உங்களுக்கு வந்த விடையை, நம்பத்தகுந்த விடையால் வகுங்கள். வரும் விகிதம்தான் இங்கே துப்பு. இந்தக் கட்டுரையில் விகிதம் என்று எங்கே சொன்னாலும் அது 'உங்கள் விடை ÷ சரியான விடை' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரிசையோடு நிறுத்த வேண்டாம். குறைந்தது மூன்று தூரங்களுக்குப் பாருங்கள்: வடக்கு தெற்காகப் போகும் ஒன்று, கிழக்கு மேற்காகப் போகும் ஒன்று, கொஞ்சம் நீளமான ஒன்று. மூன்றிலும் விகிதம் ஒன்றாகவே இருந்தால் அலகு எங்கோ மாறியிருக்கிறது. வரிசைக்கு வரிசை விகிதம் மாறினால் அலகின் மேல் பழி இல்லை. ஆயத்தொலைவிலோ (இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்), சூத்திரத்திலோ, வரைபடத்தை அளந்த விதத்திலோ கோளாறு. இந்த ஒரு பிரிவினையே பாதி வேலையை முடித்துவிடும்.

தேடலைத் தொடங்குமுன் இரண்டு எண்களை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 1 கடல் மைல் என்பது 1852 மீட்டர். 1 சாதாரண மைல், அதாவது தரை மைல், 1609.344 மீட்டர். இரண்டுமே அளந்து சொன்னவை அல்ல, வரையறுத்தவை. கடல் மைலின் வரையறை 1929-இல் மொனாக்கோவில் நடந்த நீர்ப்பரப்பியல் மாநாட்டில் வந்தது. தரை மைலுடையது 1959-இல் கெஜத்துக்கான ஒப்பந்தத்தோடு வந்தது. ஆகவே 1.852-க்குப் பின்னால் மறைந்திருக்கும் தசமங்கள் எதுவும் கிடையாது. 0.539957 அப்படி அல்ல, அது முழுமையாக்கிய எண். கிலோமீட்டரைக் கடல் மைலாக்க 0.54-ஆல் பெருக்குவதைவிட 1.852-ஆல் வகுப்பது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

விகிதம் 1.15 அல்லது 0.87

இதுதான் அடிக்கடி வரும் கோளாறு. கடல் மைலும் தரை மைலும் கலந்துவிட்டன. 1852-ஐ 1609.344-ஆல் வகுத்தால் 1.1508, தலைகீழாக்கினால் 0.869. 100 கடல் மைலுக்கு 185.2 கிலோமீட்டர் வரவேண்டிய இடத்தில் 160.9 வந்தால் யாரோ வெறும் 'மைல்' என்று நினைத்து மாற்றியிருக்கிறார்கள். கடலோர நாடுகளின் தனிப் பொருளாதார மண்டலம் 200 கடல் மைல், அதாவது 370.4 கிலோமீட்டர். அதையே 322 கிலோமீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அங்கேயும் இதே கதைதான்.

எங்கே தேடுவது? முதலில் கருவியின் அமைப்புப் பக்கம். பெரும்பாலான ஜிபிஎஸ் கருவிகளில் மெட்ரிக், தரை மைல், கடல் மைல் என்று மூன்று தேர்வுகள் இருக்கும். தூரத்துக்கும் வேகத்துக்கும் ஆழத்துக்கும் தனித்தனித் தேர்வு வைத்திருக்கும் கருவிகளும் உண்டு. அவற்றில்தான் குழப்பம் அதிகம். தூரம் கடல் மைலில், வேகம் தரை மைலில் என்று இருந்தால் 'போய்ச்சேர எவ்வளவு நேரம்' என்று நீங்கள் மனக்கணக்காகப் போடுவது 13 சதவீதம் குறையும். திரையில் காட்டும் நேரமோ சரியாகவே இருக்கும், ஏனென்றால் கருவி உள்ளே வேறு அலகில் கணக்குப் போடுகிறது. திரையின் நேரமும் உங்கள் மனக்கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் இந்தத் தேர்வுகளைப் பாருங்கள்.

அடுத்தது எக்செல். அதில் அலகு மாற்றும் கன்வர்ட் செயல்பாட்டுக்கு 'எம்ஐ' என்று கொடுத்தால் அது தரை மைல். முன்னால் பெரிய எழுத்து 'என்' சேர்த்தால்தான் கடல் மைல். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் அங்கே முக்கியம்.

மூன்றாவது இடம் வானிலை அறிக்கை. அமெரிக்க விமான நிலையங்களின் மெட்டார் அறிக்கையில் காற்றின் வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கிலும் பார்வைத் தூரம் தரை மைலிலும் ஒரே வரியில் வரும். அந்த வரியைப் பிரித்தெடுக்கும் நிரல் இரண்டையும் கடல் மைல் குடும்பம் என்று நினைத்துவிட்டால் பார்வைத் தூரம் மட்டும் 15 சதவீதம் கூடிக் காட்டும்.

விகிதம் 1.32 வந்தால் இதே தப்பு இரண்டு முறை ஒரே திசையில் நடந்திருக்கிறது. 1.15-இன் வர்க்கம் அது.

விகிதம் 3.43 அல்லது 0.29

வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கல், அல்லது பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்தல். 1.852-இன் வர்க்கம் 3.43. இதற்குச் சூத்திரத்தை நோண்டத் தேவையில்லை, கண்ணாலேயே பிடிக்கலாம். ஒரே தூரத்துக்குக் கிலோமீட்டர் எண் எப்போதும் கடல் மைல் எண்ணைவிடப் பெரிதாக, கிட்டத்தட்ட இரண்டு மடங்காக இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் முடிந்தது விஷயம்.

கண்ணால் பார்ப்பது போதாது என்றால் மனக்கணக்குக்கு இரண்டு வழிகள். கடல் மைலிலிருந்து கிலோமீட்டருக்கு: இரட்டிப்பாக்கி, மூல எண்ணில் 15 சதவீதத்தைக் கழியுங்கள். 40 கடல் மைல் என்றால் 80, அதில் 6 போனால் 74. சரியான விடை 74.08. கிலோமீட்டரிலிருந்து கடல் மைலுக்கு: பாதியாக்கி, மூல எண்ணில் 4 சதவீதத்தைச் சேருங்கள். 300 கிலோமீட்டர் என்றால் 150, அதோடு 12, ஆக 162. சரியான விடை 161.99. இரண்டாவது வழி இவ்வளவு நெருங்கி வருவது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். 0.54-க்கும் உண்மை எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

விகிதம் 1.852 அல்லது 0.54

0.54 என்றால் மாற்றவே இல்லை: கடல் மைல் எண்ணுக்குப் பக்கத்தில் கிலோமீட்டர் என்று எழுதிவிட்டார்கள். 1.852 என்றால் மாற்றியதையே மறுபடி மாற்றியிருக்கிறார்கள். இரண்டு பேர் கைமாறும் கோப்புகளில் இது சகஜம். முதலாமவர் மாற்றிவிட்டுத் தலைப்பை மாற்ற மறந்திருப்பார். இரண்டாமவர் தலைப்பை நம்பி மறுபடி மாற்றுவார்.

வேகத்தில் இதே விகிதம் வந்தால் ஜிபிஎஸ் தரவின் மூலத்துக்குப் போங்கள். கடல்சார் மின்னணுக் கருவிகள் தரவு அனுப்பும் என்எம்இஏ 0183 வடிவத்தில் வரும் ஆர்எம்சி வரியில் வேகம் எப்போதும் நாட் கணக்கில்தான் இருக்கும். கருவியின் திரையை நீங்கள் கிலோமீட்டருக்கு மாற்றியிருந்தாலும் அந்த வரி மாறாது. விடிஜி வரியில் நாட், கிலோமீட்டர் இரண்டுமே அடுத்தடுத்து வரும். இடம் மாற்றி எடுத்தால் முடிந்தது.

வேகத்தின் விகிதம் 1.94 அல்லது 0.51 ஆக இருந்தால் விநாடிக்கு மீட்டர் கணக்கும் நாட் கணக்கும் கலந்திருக்கின்றன. 3.6 அல்லது 0.28 என்றால் விநாடிக்கு மீட்டரும் மணிக்குக் கிலோமீட்டரும்.

கப்பல் 102.3 நாட் வேகத்தில் போகிறது

போகவில்லை. கப்பல்கள் தங்கள் இடத்தையும் வேகத்தையும் ரேடியோவில் அறிவிக்கும் ஏஐஎஸ் தரவில் வேகம் நாட் கணக்கின் பத்தில் ஒரு பங்காகப் பதிவாகும். 125 என்றால் 12.5 நாட். பத்தால் வகுக்க மறந்தால் சரக்குக் கப்பலும் விமானம் மாதிரி பறக்கும். வேகம் தெரியவில்லை என்பதைச் சொல்ல அதே இடத்தில் 1023 என்ற எண்ணை வைத்திருக்கிறார்கள். வகுத்தால் 102.3. அதை உண்மையான வேகமாக எடுத்துச் சராசரி போட்டால் முழு அட்டவணையும் கெட்டுப்போகும்.

இடத்துக்கும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. அட்சரேகை 91, தீர்க்கரேகை 181 என்று வந்தால் 'இடம் தெரியவில்லை' என்று அர்த்தம். பயணத்தின் நடுவில் திடீரென்று ஆயிரக்கணக்கான கடல் மைல் தாண்டியதாகக் காட்டினால் மாற்றும் சூத்திரத்தைத் தொடாதீர்கள். முதலில் இந்த வரிசைகளை நீக்குங்கள்.

விகிதம் 1.0006 பக்கம்

ரொம்பச் சின்ன வித்தியாசம், ஆனால் எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி. இதற்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரணங்கள் இருக்கின்றன. விகிதத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

முதல் காரணம் பழைய மைல். பிரிட்டிஷ் கடற்படை மைல் 6080 அடி, அதாவது 1853.184 மீட்டர். 1970 வரை பிரிட்டன் அதைத்தான் வைத்திருந்தது. அமெரிக்காவின் பழைய கடல் மைல் 1853.248 மீட்டர், 1954-இல்தான் அவர்கள் 1852-க்கு வந்தார்கள். பழைய அட்டவணையிலிருந்தோ, பழைய புத்தகத்திலிருந்து மாறிலியை எடுத்த நிரலிலிருந்தோ இது நுழையும். எக்செலிலேயே வழக்கமான நாட் ஒன்றும் கடற்படை நாட் ஒன்றும் தனித்தனியாக இருக்கின்றன.

இரண்டாவது காரணம் பூமியின் ஆரம். ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல் என்று எடுத்துக்கொண்டால் நீங்கள் வாய்விட்டுச் சொல்லாமலேயே பூமியின் ஆரம் 6366.7 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்கிறீர்கள். மற்றொருவர் 6371 கிலோமீட்டர் என்று வைத்திருந்தால் விகிதம் 1.00067. பழைய அமெரிக்க மைலுக்கும் 1852-க்கும் உள்ள விகிதமும் 1.00067. நாலாவது இலக்கம் தாண்டியும் ஒத்துப்போகிறது, முழுக்க தற்செயல்தான். ஆகவே தரவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து தூரம் கணக்கிட்டிருந்தால் ஆரத்தைச் சந்தேகப்படுங்கள். அச்சிட்ட தூரத்தை மாற்றியிருந்தால் பழைய மைலை.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், பொதுவாக வேண்டாம். 100 கடல் மைலுக்கு வித்தியாசம் 120 மீட்டர் பக்கம்தான் வரும். எல்லைக் கோடு வரைபவர், மூழ்கிய கப்பலைத் தேடுபவர் மாதிரி ஆட்களுக்குத்தான் இது பிரச்சினை.

விகிதம் 0.9875

கடல் மைலை 2000 கெஜம் என்று முழுமையாக்கும் வழக்கம் ரேடார் கணக்குகளில் உண்டு. மூன்று நிமிடத்தில் எத்தனை நூறு கெஜம் நகர்ந்ததோ அத்தனை நாட் வேகம் என்று உடனே சொல்லிவிடலாம், அவ்வளவு வசதி. 2000 கெஜம் 1828.8 மீட்டர், 1852-இல் ஒன்றேகால் சதவீதம் குறைவு. கிட்டத்தில் மோதலைத் தவிர்க்கும் கணக்குக்கு அது போதும். அதே எண்ணை நீண்ட தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போகக்கூடாது.

இதே 0.9875 ஃபேத்தம் என்ற ஆழ அலகிலிருந்தும் வரும். ஒரு ஃபேத்தம் 6 அடி, அதாவது 1.8288 மீட்டர். ஃபேத்தத்தை மீட்டராக்கும் எண் 1.8288, கடல் மைலைக் கிலோமீட்டராக்கும் எண் 1.852. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இரண்டும் நிரலில் பக்கத்துப் பக்கத்து வரியில் உட்கார்ந்திருந்தால் மாற்றி எடுப்பது சுலபம். விடை ஏறக்குறைய சரியாகவே தெரிவதால் வெகுநாள் யார் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

கேபிள் என்ற அலகும் இருக்கிறது. கடல் மைலில் பத்தில் ஒரு பங்கு, 185.2 மீட்டர். அமெரிக்க வழக்கில் கேபிள் 120 ஃபேத்தம், 219.5 மீட்டர். விகிதம் 1.185 வந்தால் இந்தப் பக்கம் பாருங்கள்.

வடக்கு தெற்கில் சரியாக இருக்கிறது, கிழக்கு மேற்கில் கூடுகிறது

இனி வருபவை வரிசைக்கு வரிசை விகிதம் மாறும் வகை. இவற்றில் இதுதான் ராஜா.

கடல் மைல் பிறந்ததே அட்சரேகையில் ஒரு நிமிடத்தின் நீளமாகத்தான். துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை 10,000 கிலோமீட்டர் என்று வைத்துத்தான் ஆரம்பத்தில் மீட்டரையே வகுத்தார்கள். 90 டிகிரிக்கு 5400 நிமிடம். 10,000-ஐ 5400-ஆல் வகுத்தால் 1.85185. அதனால்தான் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல் என்பது இவ்வளவு வசதியாக வேலை செய்கிறது. ஆனால் அந்த வசதி அட்சரேகைக்கு மட்டும். தீர்க்கரேகையின் ஒரு நிமிடம் நிலநடுக்கோட்டில் சுமார் 1855 மீட்டர், 60 டிகிரி அட்சரேகையில் சுமார் 930 மீட்டர், துருவத்தில் பூஜ்யம்.

ஆக தீர்க்கரேகை வித்தியாசத்தை நிமிடத்தில் எடுத்து அப்படியே கடல் மைல் என்று எழுதினால் கூடுதலாக வரும். எவ்வளவு கூடுதல் என்பது அட்சரேகையைப் பொறுத்தது. 13 டிகிரியில் விகிதம் 1.026. 45 டிகிரியில் 1.41. 60 டிகிரியில் 2. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படாமலேயே இருந்துவிடும். வடக்கே போனதும் அதே எக்செல் தாள் இரட்டிப்பு தூரம் காட்டும். மருந்து எளிது: தீர்க்கரேகை வித்தியாசத்தை அட்சரேகையின் கோசைனால் பெருக்குங்கள். இரண்டு முனைகளின் அட்சரேகை வேறு வேறாக இருந்தால் நடுவில் உள்ளதை எடுங்கள். சில நூறு கடல் மைலுக்குள் இது நன்றாகவே வரும்.

பெருக்கியும் விடை தாறுமாறாக, சில நேரம் எதிர்மறையாக வருகிறதா? டிகிரியை ரேடியனாக மாற்றாமல் கோசைனுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

காகித வரைபடத்தில் கவராயம் வைத்து அளப்பவர்களுக்கும் இதே நோய் வேறு உருவத்தில் வரும். மெர்க்கேட்டர் வரைபடத்தில் தூரத்தைப் பக்கவாட்டு அளவுகோலில், அதாவது அட்சரேகை அளவுகோலில்தான் பார்க்க வேண்டும். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இருக்கும் தீர்க்கரேகை அளவுகோலில் வைத்தால் மேலே சொன்ன அதே விகிதத்தில் பிசகும். பக்கவாட்டிலும் எந்த இடத்தில் வேண்டுமானாலும் வைக்கக்கூடாது. நீங்கள் அளந்த கோட்டுக்கு நேர் பக்கத்தில் வையுங்கள். மெர்க்கேட்டரில் வடக்கே போகப் போக ஒரு நிமிடத்தின் நீளம் வரைபடத்தில் விரிந்துகொண்டே போகும். கைபேசி வரைபடத்தில் ஒரே பெரிதாக்கத்தில் வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போனால் மூலையில் இருக்கும் அளவுகோல் மாறுவதும் இதனால்தான். அங்கே அளவுகோலைத் திரையிலிருந்து பிரதி எடுத்து வேறு இடத்தில் ஒட்டி அளந்தால் தப்பாகத்தான் வரும்.

இடமே சில கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது

தூரம் மாற்றும்முன்பே ஆயத்தொலைவு கெட்டுவிட்ட நிலை இது. 10 டிகிரி 30 நிமிடத்தை 10.30 என்று எழுதுவதுதான் வழக்கமான தப்பு. உண்மையில் அது 10.50. வித்தியாசம் 0.2 டிகிரி, அட்சரேகையில் 12 கடல் மைல், 22 கிலோமீட்டருக்கும் மேல். ஆர்எம்சி வரியில் டிகிரியும் நிமிடமும் ஒட்டியே வரும்: 1030.00 என்றால் 10 டிகிரி 30.00 நிமிடம். அதை நூறால் வகுத்து டிகிரி என்று வைத்துக்கொள்ளும் நிரல்கள் ஏராளம்.

கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் முதல் இரண்டு இலக்கங்களை அந்த நெடுவரிசை முழுவதும் பாருங்கள். எங்குமே 59-ஐத் தாண்டவில்லை என்றால் அவை டிகிரியின் தசமம் அல்ல, நிமிடங்கள். பல டிகிரிக்குப் பரவிய நூறு வரிசையில் ஒன்றுகூட 60-க்கும் 99-க்கும் இடையில் வராமல் போக வாய்ப்பே இல்லை. வரைபடத்தில் புள்ளிகளை இட்டுப் பார்த்தாலும் தெரியும்: ஒவ்வொரு டிகிரியிலும் கடைசி நாற்பது சதவீதம் வெறுமையாக இருக்கும், பாதை அங்கே வெட்டிவெட்டித் தாவும்.

இதன் தம்பி, விநாடியை நிமிடத்தின் தசமமாக வாசிப்பது. 05.45 நிமிடம் ஒன்று, 5 நிமிடம் 45 விநாடி வேறொன்று. வித்தியாசம் 0.3 கடல் மைல், சுமார் 556 மீட்டர். இந்த வகைத் தப்பு அதிகபட்சம் 730 மீட்டர் வரைதான் போகும். ஆகவே வடக்கு தெற்கில் இடம் ஒரு கிலோமீட்டருக்குள் தள்ளி, அதுவும் புள்ளிக்குப் புள்ளி வேறு அளவில் தள்ளி நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

அரை சதவீதம் வரை அங்குமிங்கும் ஆடுகிறது

பூமி முழு உருண்டை அல்ல. அட்சரேகையின் ஒரு நிமிடம் நிலநடுக்கோட்டில் சுமார் 1843 மீட்டர், துருவத்தில் சுமார் 1862. உருண்டை என்று வைத்துக் கணக்கிடும் ஹாவர்சைன் சூத்திரத்துக்கும், ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 நீள்கோளத்தை வைத்துக் கணக்கிடும் மென்பொருளுக்கும் சுமார் அரை சதவீதம் வரை வித்தியாசம் வரும். திசையையும் இடத்தையும் பொறுத்து அது கூடும், குறையும். இதை அலகு மாற்றத்தில் சரிசெய்யப் பார்க்காதீர்கள். 1852-ஐ 1843 என்று மாற்றி 'இப்போது ஒத்துப்போகிறது' என்பவர்கள் இருக்கிறார்கள். அது அந்த ஒரு இடத்துக்கு மட்டும்தான் ஒத்துப்போகும். துல்லியம் வேண்டுமானால் நீள்கோளச் சூத்திரத்துக்கு மாறுங்கள், வேண்டாமானால் விட்டுவிடுங்கள்.

ஹாவர்சைனில் ஆரத்தை 6371 என்று போட்டால் விடை கிலோமீட்டர், 3440.065 என்று போட்டால் கடல் மைல். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கடைசியில் ஒரே முறை மாற்றுவது பாதுகாப்பு.

நீண்ட பயணத்தில் மட்டும் பெரிதாக உதைக்கிறது

ஒருவர் பெருவட்டப் பாதையை (உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி) அளந்திருப்பார், இன்னொருவர் ஒரே திசைகோணத்தில் போகும் பாதையை. உச்சகட்ட உதாரணம்: 60 டிகிரி வட அட்சரேகையில் ஒன்றுக்கொன்று 180 டிகிரி தள்ளியிருக்கும் இரண்டு புள்ளிகள். நேர் மேற்கே அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு போனால் 5400 கடல் மைல். துருவத்தின் மேலாகப் போனால் 3600. நிலநடுக்கோட்டை ஒட்டியும், வடக்கு தெற்காகவும் போகும் பயணங்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே உயர்ந்த அட்சரேகை, நீண்ட கிழக்கு மேற்குப் பயணம் இரண்டும் சேர்ந்தால் மட்டும் இதை நினையுங்கள்.

இரண்டு கருவிகள் ஒத்துப்போகாததற்கு இன்னொரு நியாயமான காரணம் நீரோட்டம். கப்பலின் லாக் கருவி தண்ணீரில் ஓடிய தூரத்தை அளக்கும். ஜிபிஎஸ் தரையைப் பொறுத்த தூரத்தை. 10 நாட் வேகத்தில் ஆறு மணி நேரம் ஓடினால் லாக் 60 கடல் மைல் காட்டும். பின்னாலிருந்து 2 நாட் நீரோட்டம் தள்ளினால் ஜிபிஎஸ் 72 காட்டும். இரண்டும் சரி. திரும்பி வரும்போது விகிதம் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நீரோட்டம்தான். அலகுப் பிழைக்குத் திசை தெரியாது.

வேகமும் நேரமும் சரி, தூரம் மட்டும் குறைகிறது

2 மணி 40 நிமிடத்தை 2.40 என்று போட்டிருப்பீர்கள். 12 நாட் வேகத்தில் 2.4 மணி என்றால் 28.8 கடல் மைல், உண்மை 32. நிமிடத்தை 60-ஆல் வகுத்துச் சேருங்கள். முழு மணி நேரங்களில் சரியாக வந்து மற்றவற்றில் மட்டும் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். உடனே சரிபார்க்க ஆறு நிமிட விதி இருக்கிறது: ஆறு நிமிடத்தில் போகும் தூரம் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு. 12 நாட் என்றால் 1.2 கடல் மைல்.

அப்புறம், 'மணிக்கு 12 நாட்' என்று எழுதாதீர்கள். நாட் என்பதே மணிக்கு ஒரு கடல் மைல். அப்படி எழுதியதைப் பார்த்துவிட்டு நேரத்தால் இன்னொரு முறை வகுக்கும் ஆள் எப்படியும் ஒருவர் கிடைப்பார்.

விடை லட்சம் கோடிக் கணக்கில் பிசகுகிறது

சின்ன எழுத்தில் 'என்எம்' என்று எழுதினால் அறிவியல் மென்பொருளுக்கு அது நானோமீட்டர். கடல் மைல் அதைவிட 1.852 லட்சம் கோடி மடங்கு பெரிது. கடல் மைலுக்கு உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஒரே குறியீடு இன்னும் இல்லை: விமானத் துறை பெரிய எழுத்தில் 'என்எம்' எழுதுகிறது, கடல் வரைபடத் துறை பெரிய 'எம்' மட்டும் போடுகிறது. பெரிய 'எம்' யாராவது சின்னதாகத் தட்டச்சு செய்தால் 12 கடல் மைல் 12 மீட்டர் ஆகிவிடும். குறியீட்டை நம்பாமல் நெடுவரிசையின் தலைப்பில் 'கடல் மைல்' என்று முழுதாக எழுதி வைப்பதே மேல்.

ஆழம் ஒத்துப்போகவில்லை

தூரம் அல்ல என்றாலும் அதே வரைபடத்தில் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். விகிதம் 3.28 என்றால் அடியும் மீட்டரும், 1.83 என்றால் ஃபேத்தமும் மீட்டரும். ஃபேத்தத்தை மீட்டர் என்று வாசித்தால் ஆழம் குறைவாகத் தெரியும். பயந்து ஒதுங்கிப் போவீர்கள், அவ்வளவுதான். அடியை மீட்டர் என்று வாசித்தால் இல்லாத ஆழத்தை நம்பித் தரைதட்டுவீர்கள். வரைபடத்தின் தலைப்பில் ஆழம் எந்த அலகில் என்று அச்சிட்டிருக்கும், அதை முதலில் பாருங்கள். பெரிய 3-க்குக் கீழே சின்ன 2 இருந்தால் மெட்ரிக் வரைபடத்தில் அது 3.2 மீட்டர், ஃபேத்த வரைபடத்தில் 3 ஃபேத்தம் 2 அடி, அதாவது 6.1 மீட்டர்.

போய்த் திரும்பினால் எண் மாறிவிடுகிறது

12 கடல் மைலை 22 கிலோமீட்டர் என்று முழுமையாக்கிச் சேமித்துவிட்டு மறுபடி கடல் மைலாக்கினால் 11.88 வரும். சரியான எண் 22.224. மூலத்தில் எந்த அலகில் வந்ததோ அதிலேயே சேமியுங்கள். காட்டும்போது மட்டும் மாற்றுங்கள், அப்போது மட்டும் முழுமையாக்குங்கள். எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. 'சுமார் 100 கடல் மைல்' என்று யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதை 185.2 கிலோமீட்டர் என்று எழுதினால் இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகும். சுமார் 185 என்றால் போதும்.

விகிதம் மேலே சொன்ன எதிலும் அடங்கவில்லை

எல்லா வரிசையிலும் ஒரே எண், ஆனால் அடையாளம் தெரியவில்லை என்றால் இரண்டு தப்புகள் சேர்ந்திருக்கலாம். தெரிந்த விகிதங்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பாருங்கள். 2.13 வந்தால் 1.852-ஆல் வகுங்கள், 1.15 மிஞ்சும்: மாற்றியதையே மறுபடி மாற்றியிருக்கிறார்கள், அதற்கு முன்பே தரை மைலும் கலந்திருக்கிறது. 1.61 வந்தால் கடல் மைலே இதில் இல்லை, தரை மைலும் கிலோமீட்டரும்தான். 10, 60, 1000 என்று முழு எண்கள் வந்தால் தசமப் புள்ளியையும் டிகிரி நிமிடத்தையும் மீட்டர் கிலோமீட்டரையும் பாருங்கள். வகுத்து வகுத்துக் கடைசியில் 1-க்கு வந்து நின்றால் எத்தனை தப்பு, எவை எவை என்ற பட்டியல் கையில் இருக்கும். மூலக் கோப்பிலிருந்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வரலாம். கடைசி விடையை அந்த விகிதத்தால் வகுத்து மட்டும் சரிக்கட்டாதீர்கள், அடுத்த மாதத் தரவு வேறு அலகில் வந்தால் அந்தத் திருத்தமே புதுப் பிழையாகிவிடும்.